எக்ஸ்டென்ஷனா, ஆப்பா? விபிஎன் வாங்கிப் பார்த்த ஒரு ஜிஎஸ்டிக்காரியின் ரிவ்யூ

புதுச்சேரி ஒயிட் டவுனில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்களுக்கும் மிஷன் வீதிக் கடைக்காரர்கள் சிலருக்கும் நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ், பேங்க் ஸ்டேட்மென்ட் சரிபார்ப்பு, கேட்டால் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கான சி-ஃபார்ம். சொந்த ஆபீஸ் கிடையாது. லேப்டாப் பையோடு யார் இடத்துக்குப் போகிறேனோ அவர்களுடைய வைஃபையில்தான் வேலை. ஜிஎஸ்டி கெடு நாட்களான 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருங்கிவிட்டால் காலையில் ஒரு ரவுட்டர், மத்தியானம் இன்னொன்று, சாயங்காலம் லாஸ்பேட்டையில் வீட்டு ஃபைபர் என்று மாறிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் இருப்பதெல்லாம் அடுத்தவர் வியாபாரத்தின் உள்கணக்கும், யார் யாருடையதோ பாஸ்போர்ட் ஸ்கேனும். நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன்னைத் தேட ஆரம்பித்தது அதனால்தான்.

தேடினால் இரண்டு சரக்கு கிடைக்கிறது. ஒன்று, குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ எக்ஸ்டென்ஷனாகச் சேர்ப்பது. ஓப்பெராவில் 2016 முதல் பிரவுசருக்குள்ளேயே இலவசமாக வருவதும் இந்த வகைதான். மற்றது, லேப்டாப்பிலோ போனிலோ ஆப்பாக நிறுவுவது. அது போட்டால் அந்தக் கருவியிலிருந்து கிளம்பும் எல்லாமே அதன் வழியாகப் போகும். இரண்டின் விளம்பரத்திலும் அதே பூட்டுப் படம், அதே "உங்கள் தனியுரிமை" வாசகம். எக்ஸ்டென்ஷன் பெரும்பாலும் ஒரு ப்ராக்ஸிதான். பிரவுசரிடம் "இனிமேல் எல்லாவற்றையும் இந்த சர்வர் வழியாகக் கேள்" என்று சொல்லி வைக்கும், அவ்வளவுதான். பிரவுசருக்கும் அந்த சர்வருக்கும் நடுவே என்கிரிப்ஷன் இருக்கும். பிரவுசருக்கு வெளியே என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அனுமதியும் இல்லை.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, கண்ணால் பார்ப்பது வேறு. ஜிமெயில் வைத்திருக்கிறவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து இன்பாக்ஸின் அடிவரைக்கும் போனால் வலது மூலையில் கடைசியாக எப்போது கணக்கு திறக்கப்பட்டது என்ற வரியும் பக்கத்தில் விவரங்கள் என்ற சின்ன எழுத்தும் இருக்கும். அதை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். எந்த வழியாக நுழைந்தது, எந்த நாடு, எந்த ஐபி (இணையத்தில் நம் இணைப்பின் முகவரி எண்), எத்தனை மணிக்கு, எல்லாம் வரிசையாக. நான் ஒரு எக்ஸ்டென்ஷனைப் போட்டு நெதர்லாந்து என்று வைத்துக்கொண்டு, கூடவே தண்டர்பேர்ட் என்ற மெயில் ஆப்பையும் திறந்து வைத்தேன். என் வேலை மெயில் முழுக்க தண்டர்பேர்டில்தான் வருகிறது. பட்டியலில் மேல் வரி: பிரவுசர், நெதர்லாந்து. அதற்கு அடுத்த வரி: ஐமேப் (தண்டர்பேர்ட் மெயில் எடுக்கும் வழி), இந்தியா, கூடவே அந்த கெஸ்ட் ஹவுஸ் ஃபைபரின் சொந்த ஐபி. இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிஷம்கூட வித்தியாசமில்லை.

ஒரு பில் புக்கைக் கணக்கில் காட்டிவிட்டு இன்னொன்றைக் கல்லாவுக்கு அடியிலேயே வைத்திருக்கும் கடை மாதிரி இருந்தது அந்தப் பட்டியல்.

அதே லேப்டாப்பில் தண்டர்பேர்ட் மட்டுமா இருக்கிறது? வாட்ஸ்அப் டெஸ்க்டாப்பில்தான் வாடிக்கையாளர்கள் பில் போட்டோ அனுப்புகிறார்கள். கிளவுட் ஃபோல்டர் பின்னாலேயே சிங்க் ஆகிக்கொண்டிருக்கும். டேலி லைசென்ஸைச் சரிபார்க்க வெளியே போய்வரும். விண்டோஸ் அப்டேட் எப்போது நினைத்தாலும் கிளம்பும். இவற்றில் ஒன்றுகூட எக்ஸ்டென்ஷன் கண்ணில் படாது. என் வேலையில் பாதிக்கு மேல் பிரவுசருக்கு வெளியில்தான் நடக்கிறது. எக்ஸ்டென்ஷன் கதை எனக்கு அங்கேயே முடிந்துவிட்டது. வேலை முழுக்க பிரவுசரிலேயே செய்கிறவர்களுக்கு முடிவு வேறாக இருக்கலாம், அதற்கு வருகிறேன்.

பிரவுசருக்குள்ளேயே இரண்டு ஓட்டை உண்டு. குரோமில் இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்தால் எக்ஸ்டென்ஷன்கள் தானாக அதற்குள் வராது. செட்டிங்ஸில் போய்த் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். ரகசியமாக ஏதோ பார்க்க வேண்டும் என்று இன்காக்னிட்டோ திறப்பவர் அந்த நேரத்தில்தான் விபிஎன் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். இன்னொன்று வெப்ஆர்டிசி. பிரவுசரிலேயே வீடியோ கால் பேச உதவும் வசதி அது. சில எக்ஸ்டென்ஷன்களில் ப்ராக்ஸியைச் சுற்றிக்கொண்டு நம் நிஜ ஐபியை வெளியே சொல்லிவிடும். நல்ல எக்ஸ்டென்ஷன்கள் இதைத் தடுக்க ஒரு பட்டன் வைத்திருக்கின்றன. ஐபி காட்டும் தளம் ஒன்றில் வெப்ஆர்டிசி சோதனையும் சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் அனுமதி. விபிஎன் எக்ஸ்டென்ஷனைச் சேர்க்கும்போது, எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி வேண்டும் என்று குரோம் பெரும்பாலும் ஒரு பெட்டி காட்டும். யாரும் படிப்பதில்லை, பட்டனை அழுத்திவிடுகிறோம். ஐபியை மறைக்க வந்தவருக்கு நாம் பேங்க் பக்கம், மெயில் பக்கம், ஜிஎஸ்டி போர்ட்டல் எல்லாவற்றையும் வாசிக்கும் உரிமையைக் கொடுத்துவிடுகிறோம். வைஃபைக்காரர் பார்த்திருந்தால்கூடத் தளத்தின் பெயரோடு நின்றிருப்பார். 2025 ஆகஸ்டில் ஃப்ரீவிபிஎன்.ஒன் என்ற குரோம் எக்ஸ்டென்ஷன் பயனர்கள் திறக்கும் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்ததை கோய் செக்யூரிட்டி என்ற நிறுவனம் வெளியிட்டது. 1 லட்சத்துக்கும் மேல் நிறுவல், குரோமின் எக்ஸ்டென்ஷன் கடையில் நம்பகமானது என்ற முத்திரை வேறு. அதற்கு முன்னால் 2015இல் ஹோலா. இலவசம் என்று போட்டவர்களின் இணைய இணைப்பையே பிறருக்கு வாடகைக்கு விற்றது. ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய ஓனாவோ ஆப் வகையில் வரும், கதை மட்டும் அதேதான்: பாதுகாப்பு என்று சொல்லி எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்று சேகரித்தது. ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2023இல் அதற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. ஆகையால் ஆப் என்றாலே சுத்தம் என்றும் நான் சொல்ல வரவில்லை. எக்ஸ்டென்ஷனால் பக்கத்துக்குள்ளேயே எட்டிப் பார்க்க முடியும். ஆப்பால் பெரும்பாலும் எந்த முகவரிக்குப் போகிறோம் என்பதைத்தான் பார்க்க முடியும். கெட்டவன் கையில் கிடைத்தால் எது அதிகம் வலிக்கும் என்பதே என் கணக்கு.

விளம்பரங்கள் சொல்லும் ஒரு பயத்தை இங்கே குறைத்துவிடுகிறேன். காபிக் கடை வைஃபையில் யாரோ உட்கார்ந்து உங்கள் பேங்க் பாஸ்வேர்டை உருவிவிடுவார் என்பது பத்து வருஷத்துக்கு முந்தைய கதை. தளத்துக்கும் நமக்கும் நடுவே எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் எச்டிடிபிஎஸ் இல்லாமல் இப்போது எந்தப் பேங்க் தளமும் இல்லை. மெயில் ஆப்களும் அப்படியே. உள்ளே என்ன எழுதினோம் என்பது விபிஎன் இல்லாமலே மூடித்தான் போகிறது. வெளியே தெரிவது எந்தத் தளத்துக்கு, எப்போது, எவ்வளவு தரவு என்பதுதான். தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் ஐபியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்விகளிலும் இணைப்பு தொடங்கும்போது போகும் தளப் பெயரிலும் அது தெரிந்துவிடுகிறது. என் தொழிலில் அதுவே போதும். ஒரு கெஸ்ட் ஹவுஸ் முதலாளியின் ரவுட்டரில் உட்கார்ந்து அவருடைய போட்டிக்காரர் கடன் பார்க்கும் பேங்கின் கடன் பக்கத்தைத் திறக்கிறேன் என்றால், அந்த பேங்கின் பெயர் இந்த முதலாளியின் ரவுட்டர் லாகில் ஏன் இருக்க வேண்டும்?

சரி, வாங்கியது என்ன என்று சொல்கிறேன். லேப்டாப்புக்கும் போனுக்கும் முல்வாட். ஸ்வீடன் கம்பெனி. மாதம் 5 யூரோ. ஒரு மாதம் எடுத்தாலும் ஒரு வருஷம் எடுத்தாலும் அதே விலை. இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் எண்பது சதவீதம் தள்ளுபடி என்று கவுன்ட்டவுன் ஓடும் கடைகளைப் பார்த்துப் பார்த்து எரிச்சலான எனக்கு அது பிடித்துப்போயிற்று. அந்தக் கடைகளில் பல, முதல் தவணை முடிந்து புதுப்பிக்கும்போது விலையை ஏற்றும். எழுத்து சின்னதாக இருக்கும் எதையும் இரண்டு முறை படிப்பது எங்கள் தொழில் வியாதி.

கணக்கு திறப்பது வேடிக்கையாக இருந்தது. பெயர் கேட்கவில்லை, மெயில் கேட்கவில்லை, போன் நம்பர் கேட்கவில்லை. ஒரு பட்டனை அழுத்தினால் 16 இலக்க எண் ஒன்று வருகிறது, அதுதான் கணக்கு, பாஸ்வேர்டும் அதுவே. தொலைத்தால் போச்சு. கவரில் பணத்தாளை வைத்துத் தபாலில் அனுப்பிக்கூடக் கட்டலாம் என்கிறார்கள். நான் கார்டில்தான் கட்டினேன். நம் டெபிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முதலில் அணைத்தே வரும். 2020 ரிசர்வ் வங்கி உத்தரவு அது. பேங்க் ஆப்பில் போய் ஆன் செய்துவிட்டு, கட்டி முடித்ததும் மறுபடி ஆஃப் செய்துவிடுங்கள். முல்வாட் கார்டில் தானாக மாதாமாதம் எடுக்கும் முறையை 2022இலேயே நிறுத்திவிட்டது. எனவே மறந்துபோய்ப் பணம் போகும் பேச்சே இல்லை, நெட் நின்றால்தான் ஞாபகம் வரும். ரூபாயில் பார்த்தால் மாதம் ஐந்நூறை ஒட்டி, கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் இந்த மாதிரிச் சேவைகளுக்கு 18 சதவீத ஐஜிஎஸ்டி உண்டு. ஜிஎஸ்டி நம்பர் வைத்திருக்கும் வியாபாரம் இதை வாங்கினால் ரிவர்ஸ் சார்ஜில் தானே கட்டி, தகுதி இருந்தால் கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம். இதை வேறு எந்த விபிஎன் ரிவ்யூவிலும் நான் பார்க்கவில்லை!

பதிவு எதுவும் வைத்திருப்பதில்லை என்று எல்லாக் கம்பெனியும்தான் சொல்கிறது. முல்வாட் விஷயத்தில் 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் கோத்தன்பர்க் ஆபீஸுக்கு சர்ச் வாரன்ட்டோடு வந்து, எடுத்துப்போக வாடிக்கையாளர் தரவு எதுவும் இல்லை என்றதும் வெறுங்கையோடு திரும்பியது. எனக்கு அது கணக்கில் சேரும் ஆதாரம்.

தினசரி உபயோகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, விபிஎன் அறுந்தால் நெட்டையே நிறுத்திவிடும் கில் ஸ்விட்ச். மத்தியானம் கரன்ட் போகும். இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்வதற்குள் ரவுட்டர் ஒருமுறை அணைந்து எழும். அந்த இடைவெளியில் லேப்டாப் சும்மா இருக்காது. முன்பு எப்போதோ சேர்த்து வைத்த பக்கத்து காபிக் கடை வைஃபைக்குத் தாவும், அல்லது என் போன் ஹாட்ஸ்பாட்டைப் பிடிக்கும். சாதாரணமாக விபிஎன் அறுந்து மறுபடி சேரும் அந்தச் சில நொடிகளில் தண்டர்பேர்டும் கிளவுட் ஃபோல்டரும் நிஜ ஐபியிலேயே ஓடிப்போய்க் கதவைத் தட்டிவிடும். முல்வாட் ஆப்பில் அது நடக்காது. பூட்டு பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும், நெட்டே இல்லை என்று எல்லா ஆப்பும் முணுமுணுக்கும், விபிஎன் குழாய் மறுபடி சேர்ந்ததும் எல்லாம் ஓடும். இந்தக் கில் ஸ்விட்சை அணைக்க அந்த ஆப்பில் வழியே வைக்கவில்லை. எக்ஸ்டென்ஷன்களில் இதற்கு ஈடானது பிரவுசர் எல்லைக்குள்தான்.

தொல்லைகளும் உண்டு. கெஸ்ட் ஹவுஸின் வைஃபை பிரின்ட்டர் முதல் நாளே காணாமல் போயிற்று. செட்டிங்ஸில் லோக்கல் நெட்வொர்க் ஷேரிங் ஆன் செய்ததும் திரும்ப வந்தது. ரூம் நம்பர் போட்டு லாகின் செய்யச் சொல்லும் ஹோட்டல் வைஃபைகளில் விபிஎன்னைத் துண்டித்து, லாகின் செய்து, மறுபடி சேர்க்க வேண்டும். வைரஸ் ஸ்கேனர் ஒன்றோடு மோதல் வந்தது, அதைச் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டேன்.

நிஜமான தலைவலி அரசுத் தளங்களும் பேங்குகளும். வெளிநாட்டு ஐபி என்றால் சில தளங்கள் திறப்பதே இல்லை. சில திறந்து, ஓடிபி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் அங்கே கழுத்தை அறுக்கும். 20ஆம் தேதி சாயங்காலம் இந்த விளையாட்டுக்கு எனக்கு நேரமில்லை. "இந்தியா சர்வரையே போட்டுக்கொள்ளலாமே" என்பார்கள். அங்கேதான் 2022 விவகாரம் வருகிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 28இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது: இந்தியாவில் விபிஎன் சேவை நடத்துகிறவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுத்த ஐபி, எதற்காக எடுக்கிறார் என்பது உட்பட எல்லாவற்றையும் 5 வருஷம் வைத்திருக்க வேண்டும். கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்கு வைத்திருக்கும் விபிஎன்னுக்கு இது பொருந்தாது. செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள். எக்ஸ்பிரஸ்விபிஎன் ஜூன் மாதமே இந்தியாவில் இருந்த சர்வர்களைக் கழற்றிவிட்டது. சர்ஃப்ஷார்க், நார்ட், புரோட்டான் எல்லோரும் அதே வழி. சில கம்பெனிகளின் பட்டியலில் இன்றைக்கும் இந்தியா என்று ஒரு கொடி இருக்கும். இந்திய ஐபி கிடைக்கும், மெஷின் சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும். நம் ட்ராஃபிக் சென்னையிலிருந்து கடலுக்கடியில் சிங்கப்பூர் போய்த் திரும்ப வரும். வேலைக்கு ஆகும், கொஞ்சம் தாமதத்தோடு.

நான் அந்த வழிக்குப் போகவில்லை. ஸ்ப்ளிட் டனலிங் என்று ஒன்று இருக்கிறது. எந்த ஆப் விபிஎன்னுக்கு வெளியே போகலாம் என்று நாமே டிக் அடிப்பது. லேப்டாப்பில் எட்ஜ் பிரவுசரை வெளியே விட்டுவிட்டேன். ஜிஎஸ்டி, வருமான வரி, பேங்க் லாகின், சி-ஃபார்ம் எல்லாம் எட்ஜில், நேராக. மற்றதெல்லாம் ஃபயர்ஃபாக்ஸில், குழாய்க்குள். எட்ஜுக்கு வெளிர் மஞ்சள் தீம், ஃபயர்ஃபாக்ஸுக்குக் கருநீலம், குழப்பமே வருவதில்லை. அரசுத் தளத்துக்கு நான் யார், எங்கே இருக்கிறேன் என்பது பான் நம்பரோடு தெரிந்த விஷயம், அதனிடம் ஒளிந்து ஆவதென்ன?

ஆப்பாக நிறுவும் முழுக் கருவி விபிஎன்னுக்கும் சுவர் உயரம் எல்லையற்றது இல்லை. 2024 மே மாதம் லெவியாதன் செக்யூரிட்டி ஆய்வாளர்கள் டனல்விஷன் என்று ஒன்றை வெளியிட்டார்கள். நாம் சேரும் வைஃபை ஐபி கொடுக்கும்போதே வழித்தடங்களையும் சொல்லும் வசதி ஒன்று, ஐபி கொடுக்கும் முறையான டிஎச்சிபியில் இருக்கிறது, ஆப்ஷன் 121. அந்த நெட்வொர்க்கைக் கையில் வைத்திருப்பவர் அதை வைத்து நம் ட்ராஃபிக்கை விபிஎன் குழாய்க்கு வெளியே திருப்பிவிடலாம். ஆப்போ இணைந்திருக்கிறது என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு அந்த ஆப்ஷனையே எடுத்துக்கொள்வதில்லை, அதனால் அதற்கு இந்தப் பாதிப்பு இல்லை. எனக்குச் சந்தேகமான வைஃபை என்றால் போன் ஹாட்ஸ்பாட்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு எக்ஸ்டென்ஷனைத் தூக்கி எறிந்தேன் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் காசு கொடுத்து வாங்கியது. என் மாமனாருக்காக.

மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் சொல்தா என்றால் எல்லோருக்கும் புரியும். பென்ஷன் பிரான்ஸிலிருந்து வருகிறது, பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14 என்றால் மெடல் எல்லாம் குத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். டிவி5 பார்ப்பார், ஆனால் அவருக்கு வேண்டியது பிரான்ஸ் 2இன் இரவு எட்டு மணிச் செய்தி. பாரீஸில் எட்டு என்றால் நமக்குக் கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. அதுவரை விழித்திருப்பார். தளத்தைத் திறந்தால் உங்கள் பகுதியில் கிடைக்காது என்று வரும். பிரெஞ்சு பாஸ்போர்ட் அலமாரியில் இருந்து என்ன செய்ய, தளம் பார்ப்பது ஐபியை.

அவருடைய பழைய லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு சேர்த்து, பிரவுசரில் விண்ட்ஸ்க்ரைப் எக்ஸ்டென்ஷன் போட்டுக் கொடுத்தேன். கனடா கம்பெனி. மெயிலை உறுதிசெய்தால் இலவசமாக மாதம் 10 ஜிபி தருகிறார்கள், செய்தி மட்டும் பார்க்கிறவருக்கு அது பரவாயில்லை. மாமா செய்தியோடு நிற்கிறவர் இல்லை. சைக்கிள் பந்தயம் ஆரம்பித்துவிட்டால் சாயங்காலம் முழுக்க அதுதான். எச்டி வீடியோ மணிக்கு 1 ஜிபிக்குக் குறையாமல் தின்னும். எனவே வேண்டிய இடத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக் கட்டும் அவர்களுடைய திட்டம்: ஓர் இடத்துக்கு மாதம் 1 டாலர், குறைந்தது 3 டாலருக்கு எடுக்க வேண்டும். பிரான்ஸைப் போட்டாயிற்று.

"ஏம்மா, இப்ப இந்தக் கம்ப்யூட்டர் பாரீஸ்ல இருக்குன்னு அவன் நினைச்சுக்குவானா?"

"கம்ப்யூட்டர் இல்ல மாமா, இந்தப் பிரவுசர் மட்டும். உங்க வாட்ஸ்அப் லாஸ்பேட்டையிலதான் இருக்கு."

"அது இங்கயே இருக்கட்டும்."

அவருக்கு வேண்டியது இடம் மாறுவது, ஒரே ஒரு ஜன்னலில். மற்ற எல்லாம் இந்தியாவிலேயே இருந்தால்தான் பென்ஷன் வரும் பேங்க் ஆப் தகராறு செய்யாமல் இருக்கும். இதற்கு முழுக் கருவி விபிஎன் போட்டிருந்தால் தினம் இரவு ஆன் செய்து காலையில் ஆஃப் செய்ய மறந்து, பேங்கில் இருந்து சந்தேகத்துக்குரிய லாகின் என்று மெசேஜ் வந்து, என்னைத்தான் கூப்பிட்டிருப்பார். எக்ஸ்டென்ஷனில் ஒரே பட்டன், பெரிதாக. அவருக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. டேட்டா சென்டர் ஐபி என்று கண்டுபிடித்துச் சில தளங்கள் அவ்வப்போது மறுக்கும். துண்டித்து மறுபடி சேர்த்தால் வேறு சர்வர் கிடைக்கும். இப்படிப் பார்ப்பது அந்தந்தத் தளங்களின் நிபந்தனைக்கு ஒத்துவராமல் இருக்கலாம், அதையும் சொல்லிவிட்டேன். ஆண்ட்ராய்டு டிவியில் நேராகப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு எக்ஸ்டென்ஷன் உதவாது, அங்கே ஆப்தான்.

போனுக்கு வந்தால் இந்தக் கேள்வியே மங்கிப்போகிறது. ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் முடியும், ஓப்பெராவில் உள்ளேயே இருக்கிறது. ஆனால் போனில் யார் பிரவுசரில் வாழ்கிறார்கள்? எல்லாம் ஆப். எனவே போனுக்கு முழு விபிஎன் அல்லது எதுவும் வேண்டாம். போட்டால் செட்டிங்ஸில் எப்போதும் ஆன், விபிஎன் இல்லாவிட்டால் இணைப்பைத் தடு என்ற இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டாவது இல்லாமல் முதலாவது பாதிதான். யுபிஐ, பேங்க் ஆப்களை ஸ்ப்ளிட் டனலிங்கில் வெளியே விடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சிக்கல்: அந்த இரண்டாவது பூட்டு இருந்தால் வெளியே விட்ட ஆப்புக்கு நெட்டே கிடைக்காமல் போகலாம். என் கணவர் போனில் யுபிஐ முக்கியம் என்பதால் அந்தப் பூட்டைப் போடவில்லை. என் போனில் போட்டிருக்கிறேன், காய்கறிக்காரரிடம் காசாகக் கொடுத்துவிடுகிறேன்.

காசு போடாமல் பார்க்க வேண்டும் என்றால் புரோட்டான். சுவிட்சர்லாந்து கம்பெனி, ஆப்களின் சோர்ஸ் கோடு வெளியே இருக்கிறது, இலவசத் திட்டத்தில் டேட்டா வரம்பு இல்லை, விளம்பரமும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு கருவி. நாட்டை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, அதுவே ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். மாமாவுக்கு அதனால்தான் அது ஆகவில்லை. ஹாஸ்டல் வைஃபையில் இருக்கும் காலாப்பட்டு யுனிவர்சிட்டிப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான், அதுவும் எக்ஸ்டென்ஷனாக இல்லாமல் ஆப்பாகவே. இரண்டும் இலவசம் என்னும்போது குறைந்ததை ஏன் எடுக்க வேண்டும்?

ஒரு விஷயம் எதைப் போட்டாலும் மாறாது. கூகுளில் லாகின் செய்துகொண்டு தேடினால் கூகுளுக்கு நீங்கள் யாரென்று தெரியும், ஐபி ஆம்ஸ்டர்டாமாக இருந்தாலும். குக்கி, பிரவுசரின் கைரேகை (அதன் அமைப்புகளை வைத்தே நம்மை அடையாளம் காண்பது) எல்லாம் அப்படியே இருக்கும். ஃபைபர்காரரிடம் இருந்த நம்பிக்கையை எடுத்து விபிஎன்காரரிடம் வைக்கிறோம். அவர் யார் என்று பார்க்க ஒரு மணி நேரம் செலவழிப்பது ஸ்டார் ரேட்டிங் பார்ப்பதைவிட உருப்படியான வேலை.

கெஸ்ட் ஹவுஸ்காரர் ஒருவர் என் லேப்டாப்பில் பச்சைப் பூட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேடம், இதையே நம்ம ரவுட்டர்ல போட்டுட்டா வர்ற கெஸ்ட் எல்லாருக்கும் சேஃப்டிதானே? வெப்சைட்டுல கூடப் போட்டுக்கலாம்." முடியும். ஆனால் சனிக்கிழமை பெங்களூரிலிருந்து வந்திறங்கும் ஆறு ரூம் ஆட்களுக்கும் யுபிஐ மறுக்கும், படம் பார்க்கும் ஆப் வேறு நாட்டு லிஸ்ட் காட்டும், சாப்பாடு ஆர்டர் போகாது. அவ்வளவும் ரிசெப்ஷனில் வந்து விடியும். வேண்டாம் என்றேன். பதிலாக அவருடைய ரவுட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். அட்மின் பாஸ்வேர்ட் கம்பெனியில் இருந்து வந்த அதே "அட்மின்". ஆபீஸ் கம்ப்யூட்டரும் கெஸ்ட் போன்களும் ஒரே நெட்வொர்க்கில். பாஸ்வேர்டை மாற்றி, கெஸ்ட்டுக்குத் தனி வைஃபை பெயர் போட்டுக் கொடுத்தேன். அதற்கு பில் போடவில்லை, அவர் கொடுத்த ஃபில்டர் காபியோடு சரி.